கணனியில் உள்ள சரக்குப் படங்கள்: இடம் மாற்றும்போதும் பெயர் மாற்றும்போதும்

முன்பெல்லாம் புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்க வருகின்ற வெளியூர் வியாபாரிகளுக்கு நாங்கள் சாம்பிள் புத்தகத்தைத் திறந்து காட்டுவோம். துணியைத் தொட்டுப் பார்த்து, வாசலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் பின்னர்தான் ஓடர் கிடைக்கும். இப்பொழுது அக்கரைப்பற்றிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வருகின்ற முதல் கேள்வி, "போட்டோ இருக்கா காக்கா?" என்பதுதான். படம் உடனே போனால் ஓடர் நமக்கு. அரை மணித்தியாலம் தாமதித்தால் அடுத்த தெருவில் உள்ளவருக்கு.

ஆகவே அபாயா, ஷல்வார், திரைச்சீலைத் துணி என்று எங்கள் கடைக்கு வருகின்ற ஒவ்வொரு டிசைனையும் படம் எடுத்துக் கணனியில் சேர்த்து வைக்கிறோம். ஏறத்தாழ 9,000 படங்கள். அவற்றை ஒழுங்குபடுத்துவதற்கு, கலியாண வீடுகளில் படம் பிடிக்கும் தொழில் செய்கின்ற என் சகோதரியின் மகன், தான் பாவிக்கின்ற லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருளையே எங்களுக்கும் போட்டுத் தந்தார். ஒவ்வொரு படத்துக்கும் டிசைன் இலக்கம், நிறம், சப்ளையர், வந்த மாதம் ஆகியவற்றை அதில் குறிச்சொற்களாகப் பதிந்து வைத்தோம். "போன நோன்புக்குத் தந்த கல்லு வைத்த நீலம்" என்று ஒருவர் கேட்டால் இரண்டு சொற்களைத் தட்டினால் போதும், படம் முன்னே வந்து நிற்கும்.

2023ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தில், நோன்புக்கு மூன்று கிழமை இருக்கையில், ஒரு காலை நேரம் கணனியைத் திறந்தால் எல்லாப் போல்டர்களின் மேலும் கேள்விக்குறி. படங்களின் மூலையில் ஆச்சரியக்குறி. சிறிய படம் மட்டும் தெரிகிறது, அனுப்பப் போனால் மூலப் படம் இல்லை என்கிறது.

நடந்தது இதுதான். முதல் நாள் மாலை டிஸ்க் நிரம்பிவிட்டதாகக் கணனி எச்சரித்திருக்கிறது. எங்கள் கடைப் பையன் நல்ல கெட்டிக்காரன், சும்மா இருக்க மாட்டான். புதிய வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, படப் போல்டர்கள் அனைத்தையும் விண்டோஸில் வெட்டி ஒட்டி அதற்குக் கொண்டுபோய்விட்டான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அபாயாப் போல்டரில் இருந்த 640 படங்களின் பெயர்கள் நீளமாக, பார்க்க அழகில்லாமல் இருக்கின்றன என்று, எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து "அபாயா" என்று ஒரே பெயரைக் கொடுத்துவிட்டான். விண்டோஸ் தன் வழக்கப்படி அபாயா (1), அபாயா (2) என்று 640 வரைக்கும் இலக்கமிட்டுவிட்டது. பழைய பெயர்களில்தான் டிசைன் இலக்கம் இருந்தது.

"கிளீன் பண்ணி வெச்சன் முதலாளி" என்றான். கோபிக்க எனக்கு முகமில்லை. ஏனென்றால் அதைவிடப் பெரிய பிழையை நான் செய்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

பேரேடும் ஸ்டோரும்

லைட்ரூம் போன்ற மென்பொருள்களைப் பற்றி நம்மவர்கள் பலரிடம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. படங்கள் அந்த மென்பொருளுக்கு "உள்ளே" இருப்பதாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் படங்கள் டிஸ்க்கில் சாதாரண போல்டர்களில்தான் கிடக்கின்றன. மென்பொருளிடம் இருப்பது கெட்டலொக் என்ற ஒரு பதிவேடு மட்டுமே. இன்ன படம், இன்ன டிரைவில், இன்ன போல்டரில், இன்ன பெயரில் இருக்கிறது, அதற்கு இன்ன குறிச்சொற்கள், இத்தனை நட்சத்திரங்கள் என்று அதில் எழுதப்பட்டிருக்கும்.

நமது கடையையே எடுத்துக் கொள்வோம். கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் "37ஆம் பேல், மேல்மாடி ஸ்டோர், இடப்பக்க இறாக்கை" என்று இருக்கிறது. கணக்கப்பிள்ளைக்குச் சொல்லாமல் ஒருவர் அந்தப் பேலைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டால், சரக்கும் தொலையவில்லை, பேரேடும் பிழையில்லை. ஆனால் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. பேலின் மேல் உள்ள இலக்கத்தையும் அழித்துவிட்டால்? அதுதான் பெயர் மாற்றுவது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வியாபாரிகள் நன்றாக மனதில் பதிக்க வேண்டும். வெளியிலிருந்து இடம் மாற்றப்பட்ட போல்டரைத் திரும்பக் காட்டிக் கொடுப்பது சில நிமிட வேலை. வெளியிலிருந்து பெயர் மாற்றப்பட்ட படங்களைத் திரும்ப இணைப்பது நாட்கணக்கான வேலை. ஏனெனில் மென்பொருள் தேடுவது பழைய பெயரைத்தான்.

காணாமற்போன போல்டரை மீட்பது

என் மருமகன் பின்னேரம் வந்தார். கேள்விக்குறி இருந்த போல்டரின் மேல் மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி, "பைண்ட் மிஸ்ஸிங் போல்டர்" என்பதைத் தெரிவு செய்து, புதிய டிஸ்க்கில் அது இருக்கின்ற இடத்தைக் காட்டினார். கேள்விக்குறி மறைந்தது. போல்டர்கள் எல்லாம் ஒரு தாய்ப் போல்டருக்குள் இருந்தால், அந்தத் தாய்ப் போல்டரை மட்டும் காட்டினால் போதும், உள்ளே இருப்பவை தாமாகவே சரியாகிவிடும். தாய்ப் போல்டர் பட்டியலில் தெரியாவிட்டால் "ஷோ பேரண்ட் போல்டர்" என்பதை முதலில் அழுத்த வேண்டும். பெயர் மாற்றப்படாத 8,000க்கும் மேற்பட்ட படங்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் திரும்ப வந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ்.

தனிப் படம் ஒன்று மட்டும் காணாமற் போயிருந்தால் அதன் மேல் உள்ள ஆச்சரியக்குறியை அழுத்தி இடத்தைக் காட்டலாம். அதே பெட்டியில் "அருகில் உள்ள காணாத படங்களையும் தேடு" என்ற பொருள்படும் ஒரு கட்டம் இருக்கும். அதற்கும் அடையாளமிட்டால் அதே போல்டரில் உள்ள மற்றவற்றையும் பெயரைக் கொண்டு கண்டுபிடித்துக் கொள்ளும். ஆனால் பெயர் அதே பெயராக இருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு விடயம். சில சமயம் யாரும் எதையும் நகர்த்தாமலேயே எல்லாம் காணாமற் போகும். நேற்று வெளி டிஸ்க் "ஈ" டிரைவாக இருந்திருக்கும், இன்று யாரோ முதலில் ஒரு பென் டிரைவைச் செருகியதால் டிஸ்க்குக்கு "எப்" என்ற எழுத்து கிடைத்திருக்கும். கெட்டலொக்கோ "ஈ"யில் தேடிக் கொண்டிருக்கும். விண்டோஸின் டிஸ்க் மெனேஜ்மென்ட் பகுதிக்குச் சென்று, அந்த டிஸ்க்குக்கு எழுத்து வரிசையின் கடைசிப் பக்கத்திலுள்ள ஓர் எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லாமற் போகும். எங்கள் டிஸ்க் இப்பொழுது "எக்ஸ்".

நான் செய்த பிழை

காலையில், மருமகன் வருவதற்கு முன்னர், நானே சரி செய்யப் பார்த்தேன். அபாயாப் போல்டரில் "சிங்க்ரனைஸ் போல்டர்" என்று ஒன்று கண்ணில் பட்டது. சிங்க்ரனைஸ் என்றால் ஒத்துப் போகச் செய்வதுதானே, நல்லதுதானே என்று அழுத்தினேன். காணாத படங்களைக் கெட்டலொக்கிலிருந்து நீக்குவதா என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கும் அடையாளமிட்டு ஓகே கொடுத்தேன்.

கணக்கப்பிள்ளையிடம் போய், "ஸ்டோரில் தேடிக் கிடைக்காத பேல்களின் பக்கங்களையெல்லாம் பேரேட்டிலிருந்து கிழித்துவிடு" என்று சொன்னதற்கு ஒப்பானது அது. 640 படங்களின் டிசைன் இலக்கம், நிறம், சப்ளையர், எந்த ஊர் வியாபாரிக்கு எதை அனுப்பினோம் என்ற குறிப்பு எல்லாம் ஒரு சொடுக்கில் போயின. சிங்க்ரனைஸ் கெட்ட வசதி என்று நான் சொல்லவில்லை. புதிய படங்களைச் சேர்ப்பதற்கு அது பயன்படும். ஆனால் ஆச்சரியக்குறி ஒன்றாவது இருக்கும்வரை நீக்குவதற்கான அந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது.

எங்களைக் காப்பாற்றியது ஒரு பழைய பெக்கப். லைட்ரூமை மூடும்போது கிழமைக்கொரு முறை கெட்டலொக்கைக் கொப்பி எடுக்கவா என்று கேட்கும். கடை மூடுகின்ற அவசரத்தில் இரண்டு கிழமையாக நான் "இப்போது வேண்டாம்" என்று அழுத்தியிருந்தேன். மூன்று கிழமைக்கு முந்திய கொப்பி ஒன்று இருந்தது. மருமகன் அதைத் தனியாகத் திறந்து பழைய பெயர்களின் பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்குள்ளும் கெமரா அதை எடுத்த திகதியையும் நேரத்தையும் பதிந்து வைக்கிறது. பெயர் மாறினாலும் அது மாறாது. அந்த நேரத்தை வைத்து, அபாயா (1) என்பது உண்மையில் எது, அபாயா (2) எது என்று ஒப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார். பெயர் பழையபடி வந்ததும் பழைய கெட்டலொக் படங்களை அடையாளம் கண்டுகொண்டது. பிறகு அந்த ஒரு போல்டரின் பதிவுகளை மட்டும் எடுத்துத் தற்போதைய கெட்டலொக்கில் சேர்த்தார். மூன்று இரவுகள், இஷாவுக்குப் பின் உட்கார்ந்து செய்த வேலை.

ஆயினும் கடைசி மூன்று கிழமைக்குள் சேர்த்த 96 படங்களின் விபரங்கள் பெக்கப்பில் இல்லை. அவை நோன்புக்கென வந்த புதுச் சரக்கு. பையன் ஏணியில் ஏறி ஒவ்வொரு பார்சலாக இறக்க, நான் படத்தையும் துணியையும் வைத்துப் பார்த்து இலக்கம் எழுதினேன். 11 டிசைன்களுக்கு ஸ்டோரில் துணியே மிச்சமில்லை, அனைத்தும் கிழக்கு மாகாணத்துக்குப் போய்விட்டன. அவற்றுக்கு மறு ஓடர் கேட்டு வந்தவர்களிடம் "சிட்டையில் உள்ள இலக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நாங்களே கேட்க வேண்டியதாயிற்று. மொத்த வியாபாரி சில்லறை வியாபாரியிடம் தன் சரக்கின் இலக்கத்தைக் கேட்பது எவ்வளவு வெட்கம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

சரியான முறையில் இடம் மாற்றுவது

சிறிய மாற்றம் என்றால், அதாவது ஒரு போல்டரில் உள்ள ஐம்பது படங்களை இன்னொன்றுக்கு மாற்றுவதென்றால், மென்பொருளுக்குள் இருந்தே செய்ய வேண்டும். படங்களைத் தெரிவு செய்து, இடப்பக்கப் பட்டியலில் உள்ள போல்டரின் மேல் இழுத்துவிட்டால், டிஸ்க்கில் படமும் நகரும், பதிவேட்டிலும் இடம் மாறும். போகவேண்டிய போல்டர் பட்டியலில் இல்லையென்றால் அங்குள்ள கூட்டல் குறியை அழுத்தி முதலில் உருவாக்கிக் கொள்ள வேண்டும். இந்த நகர்த்தலை "அன்டூ" செய்து திருப்ப முடியாது என்று மென்பொருள் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பலரும் வாசிப்பதில்லை.

ஆனால் முழுத் தொகுதியையும் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போவதற்கு இந்த இழுத்து விடும் முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நமது நாட்டில் மின்சாரம் எப்பொழுது போகும் என்று யாருக்குத் தெரியும்? 2022இல் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் இருளில் இருந்த நாடு இது. பாதி நகர்ந்த நிலையில் கணனி அணைந்தால் எது எங்கே என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

பெரிய மாற்றத்துக்கு நாங்கள் இப்பொழுது கைக்கொள்வது வேறு வழி. முதலில் லைட்ரூமை மூடும்போது கெட்டலொக்குக்குப் பெக்கப் எடுத்து, மூடிவிடுகிறோம். பின்னர் விண்டோஸில் படப் போல்டரைப் புதிய டிஸ்க்குக்கு கொப்பி செய்கிறோம். கவனிக்கவும், வெட்டுவதல்ல, கொப்பி செய்வது. முடிந்ததும் பழைய போல்டரிலும் புதிய போல்டரிலும் வலப் பொத்தானை அழுத்தி, பைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பார்க்கிறோம். பணத்தை இரண்டாம் முறை எண்ணுவது போன்றதுதான் இது. அதன் பின்னரே லைட்ரூமைத் திறந்து, தாய்ப் போல்டரில் "அப்டேட் போல்டர் லொகேஷன்" கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டுகிறோம். பழைய போல்டரை உடனே அழிப்பதில்லை. அதன் பெயருக்கு முன்னால் "பழையது" என்று சேர்த்து ஒரு மாதம் வைத்திருந்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் அழிப்பது.

பெயர் வைப்பது

பெயர் மாற்றுவதும் மென்பொருளுக்குள் இருந்தே. படங்களைத் தெரிவு செய்து எப்2 பொத்தானை அழுத்தினால் என்ன மாதிரியில் பெயர் வேண்டும் என்று கேட்கும். திகதி, நாம் கொடுக்கும் சொல், தொடர் இலக்கம் ஆகியவற்றை விரும்பியபடி கோக்கலாம். எங்கள் மாதிரி: வருடம் மாதம் நாள் சேர்ந்த எட்டு இலக்கங்கள், பின்னர் டிசைன் இலக்கம், பின்னர் இரண்டு இலக்கத் தொடர் எண். உதாரணமாக 20230302-ஏபி1042-01. வருடத்தை முன்னால் போட்டால் காலவரிசைப்படி தானாகவே அடுக்கிக் கொள்ளும். சிட்டையில் டிசைன் இலக்கத்தை ஏபி/1042 என்று சரிவு கோடிட்டு எழுதுவது நமது பழக்கம். பைல் பெயரில் அந்தக் கோட்டை விண்டோஸ் ஏற்காது. கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றையும் ஏற்காது. சிறு கோடு போதும்.

படம் சேர்க்கும் நாளிலேயே பெயரை வைத்து, அதன் பிறகு அதைத் தொடாமல் விடுவது உத்தமம். மாறக்கூடிய விபரங்கள், அதாவது விற்றுத் தீர்ந்தது, விலை குறைத்தது போன்றவை, குறிச்சொல்லில் இருக்கட்டும்.

குறிச்சொற்களைப் பற்றி ஒன்று. அவை முதலில் கெட்டலொக்கில் மட்டும்தான் எழுதப்படுகின்றன. படங்களைத் தெரிவு செய்து கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், ஜேபெக் படமானால் அந்தப் பைலுக்குள்ளேயும் எழுதப்படும். இதைத் தானாகச் செய்யும்படி கெட்டலொக் அமைப்பிலும் வைக்கலாம். அன்று எங்களுக்கு இது தெரிந்திருந்தால், நான் செய்த பிழைக்குப் பின்னரும் அந்த 96 படங்களின் இலக்கங்கள் படங்களுக்குள்ளேயே இருந்திருக்கும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பைல் பெயரிலோ குறிச்சொல்லிலோ அடக்க விலையை எழுதாதீர்கள். எங்கள் பெரியவர்கள் துணியின் லேபலில் அடக்க விலையை இரகசிய எழுத்துக்களால் எழுதியது சும்மா அல்ல. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தன் சொந்தப் பெயரை வைத்து, உள்ளே எழுதியவற்றையும் கழித்துவிடும். ஆனால் தரம் குறையாதிருக்க டொகியுமென்டாக அனுப்பினால் பெயரும் உள்ளே உள்ள குறிச்சொற்களும் அப்படியே போகும், சப்ளையரின் பெயரும் சேர்த்து. லைட்ரூமிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும்போது மெட்டாடேட்டா என்ற இடத்தில் "கொப்பிரைட் ஒன்லி" என்பதைத் தெரிவு செய்தால் இவை வெளியே போகாது.

வட்ஸ்அப் பெயரை மாற்றிவிடுவதால் இன்னொரு சிக்கல். வியாபாரி அந்தப் படத்தையே நமக்குத் திருப்பி அனுப்பி "இதில் 20 உருப்படி" என்பார். எந்த டிசைன் என்று பைல் பெயரில் தெரியாது. இதற்கு நாங்கள் கண்ட வழி கணனியில் இல்லை. படம் எடுக்கும்போதே துணியின் அடிப்பக்கத்தில் டிசைன் இலக்கம் எழுதிய அட்டையொன்றை வைத்து எடுக்கிறோம்.

பெக்கப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். லைட்ரூம் மூடும்போது எடுக்கின்ற கொப்பியில் இருப்பது கெட்டலொக் மட்டும்தான், படங்கள் அதில் இல்லை. டிஸ்க் பழுதாகி, கெட்டலொக் மட்டும் மிஞ்சினால், தீப்பிடித்த ஸ்டோரின் பேரேடு கையில் இருப்பது போலாகும். எனவே படப் போல்டருக்கு வேறாக இன்னொரு டிஸ்க்கில் கொப்பி வேண்டும். அந்த டிஸ்க் கடையில் இருக்கக் கூடாது. எங்களுடையது வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வியாழன் மாலையும் கடைக்கு வந்து போகும்.

லைட்ரூம் கிளாசிக் மாதச் சந்தா கட்டிப் பாவிப்பது. அது கட்டுப்படியாகாதவர்களுக்கு டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கும் தனிப் பதிவேடு உண்டு, ஆகவே அதிலும் உள்ளிருந்து மாற்றுவதே நல்லது. கூகுளின் பிக்காஸாவை இன்னும் பாவிக்கின்ற சில கடைகளைக் கண்டிருக்கிறேன். அதற்கான ஆதரவை கூகுள் 2016இலேயே நிறுத்திவிட்டது, புதிதாக அதில் எதையும் தொடங்க வேண்டாம். பயான், கிராஅத் ஒலிப்பதிவுகளை ஐடியூன்ஸில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பைலை வெளியே நகர்த்தினால் அங்கும் ஓர் ஆச்சரியக்குறி வந்து நிற்கும்.

எங்கள் கணனியின் திரைக்குக் கீழே இப்பொழுது ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. "படப் போல்டரை விண்டோஸில் தொட வேண்டாம். ஆச்சரியக்குறி கண்டால் ஒன்றையும் அழுத்தாமல் மாமாவின் மருமகனுக்குக் கோல் எடுக்கவும்." எழுதியவன் அந்தப் பையன்தான். இரண்டாவது வசனம் எனக்காக எழுதப்பட்டது என்று மருமகன் சொல்கிறார். அந்த 11 டிசைன்களில் எட்டுக்கு இலக்கம் கிடைத்துவிட்டது. மீதி மூன்றும் இன்னும் இலக்கமில்லாமலேயே கிடக்கின்றன, யாராவது சிட்டையோடு வரும்வரை.